சர்க்கரை வியாதியும் தலையெழுத்தும்

(சென்ற ஞாயிறு மாலை நடந்த சுயமரியாதைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சர்க்கரை வியாதி என்று தலைவர் அவர்கள் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்ததைப் பார்த்தோம். "சாமியையும் சாத்திரத்தையும் பற்றிப் பேசுகிறவர்கள் வைத்தியம் பேச வந்துவிட்டார்களே, சரக்குத் தீர்ந்துவிட்டதா?" என்று நினைத்திருக்கலாம். சரக்குத் தீர்ந்துவிடவில்லை. நாம் வைத்தியர் அல்ல. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரும் அல்ல. ஆனால் நாமே இந்த வியாதிக்காரர். மூடநம்பிக்கை குடியிருக்கும் இடம் கோயில் மாத்திரம்தான் என்று வெகுகாலம் எண்ணியிருந்த நமக்கு, அது நமது சாப்பாட்டு இலையிலும் மருந்துப் பெட்டியிலும் குடியிருக்கின்றது என்பதைக் காட்டிக்கொடுத்தது இந்த வியாதிதான். ஆதலால் இதைப் பற்றிப் பேசுவது நமது வேலைக்குப் புறம்பானதல்ல.

பல்வலிக்காரனை யாரும் ஏமாற்ற முடியாது. மந்திரித்த கயிற்றைக் கட்டினாலும் வலி நின்றதா இல்லையா என்று அவனுக்கே தெரிந்துவிடும். சர்க்கரை வியாதியோ முதல் பல வருஷங்கள் வலிப்பதே இல்லை. உள்ளே கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் அரித்துக்கொண்டிருக்கும். வெளியே ஆள் நன்றாய்த்தான் இருப்பான். வலியில்லாத வியாதிக்கு யார் எதைக் கொடுத்தாலும் "குணமாய்விட்டது" என்று சொல்லிவிடலாம், நோயாளியும் நம்பிவிடலாம். அதனால்தான் இந்த வியாதியைச் சுற்றி இவ்வளவு புரட்டும் இவ்வளவு வியாபாரமும் பெருகி நிற்கின்றன.

முதலில் தலையெழுத்துக்காரர்களுக்குப் பதில் சொல்லுவோம். "எல்லாம் பூர்வஜென்ம வினை, அனுபவித்துத்தானே தீரவேண்டும்" என்கின்றார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நடத்தி 2023-ஆம் வருஷம் வெளியிட்ட கணக்கில், நமது தேசத்தில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றும், அந்த வியாதியின் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்றும் கண்டிருக்கின்றது. இத்தனை கோடிப் பேரும் முன் ஜென்மத்தில் கூடிப் பேசிக்கொண்டு ஒரே பாவத்தைச் செய்துவிட்டு வந்தார்களா என்று கேட்கின்றோம். நமது பாட்டன்மார் காலத்தில் இவ்வளவு காணாத வியாதி இப்போது மட்டும் பெருகக் காரணம் என்ன? நடந்தவன் வண்டியில் போகின்றான். ஏற்றம் இறைத்தவன் பொத்தானை அமுக்குகின்றான். விசேஷ நாளில் கண்ட இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் தினசரி தெருமுனையில் கிடைக்கின்றன. தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரச் சந்தர்ப்பம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அதுவும் தலையெழுத்தல்ல.

இதற்குப் பிரத்தியட்ச ருசு சென்னையிலிருந்தே இருக்கின்றது. வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளிவந்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் சுமார் மூன்று வருஷத்துக்குள் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடையும் ஆகாரமும் திருத்தப்பட்டவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. தோழர்களே! பிரமன் எழுதிய எழுத்தானால் 55 எப்படி 39 ஆகும்? தினம் அரைமணி நேரம் நடந்தால் அழிந்துபோகும் எழுத்து என்ன எழுத்து?

இன்னொரு கூட்டத்தார், "இது பணக்கார வியாதி, நமக்கு வராது" என்று நினைக்கின்றார்கள். சிலருக்கு வந்துவிட்டாலோ, "எனக்கும் சுகர்" என்று சொல்லிக்கொள்ளுவதில் ஒரு பெருமைகூட இருக்கின்றது. இன்று மூட்டை தூக்குகிறவனுக்கும் வருகின்றது. வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கும் வருகின்றது. வித்தியாசம் என்னவென்றால், பணக்காரனுக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடுகின்றது. ஏழைக்குக் காலில் புண் வந்த பிறகுதான் தெரிகின்றது.

நிற்க. இந்த வியாதி இன்னதென்று தெரிந்துகொள்ளுவோம். நாம் தின்னும் சோறும் இட்டிலியும் களியும் வயிற்றில் சர்க்கரையாகி ரத்தத்தில் சேருகின்றன. அதை ரத்தத்திலிருந்து தசைகளுக்குள் அனுப்பும் வேலையைக் கணையம் என்னும் உறுப்பில் சுரக்கும் இன்சுலின் செய்கின்றது. மண்டிக்கு நெல் வண்டிகள் வந்து நிற்கின்றன; மண்டிக் கதவோ சரியாய்த் திறக்கவில்லை. வண்டிகள் தெருவில் தேங்கித் தெருவே கெட்டுப்போகின்றது அல்லவா? அதுபோல் இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்குச் சரியாய் இணங்காததால் சர்க்கரை ரத்தத்தில் தேங்கிவிடுகின்றது. நாளாவட்டத்தில் கணையமும் களைத்துப்போய்ச் சுரப்புக் குறைகின்றது. இதைத்தான் இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதி என்கின்றார்கள். பெரியவர்களுக்கு வருவதில் மிகப் பெரும்பாலானது இதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் சர்க்கரை எப்படி ஏறும்?" என்று பலர் கேட்கின்றார்கள். நாம் தின்னாதபோது நமது ஈரலே சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுகின்றது. இந்த வியாதியில் அது அளவுக்கு மேல் விட்டுவிடுகின்றது. ஆகவே பட்டினி கிடந்தால் வியாதி ஓடிவிடும் என்பது சரியான கணக்கல்ல.

இனி அளவு. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில், 100 மில்லி லிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் அது வியாதி. 100 முதல் 125 வரை வாசற்படி என்று பலர் வைத்திருக்கின்றார்கள். இதல்லாமல் ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை இருக்கின்றது. அது சுமார் மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டிவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் வியாதி. வியாதி வந்தவர்களில் அநேகருக்கு அதை 7-க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லுகின்றார்கள். முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் வைத்தியர் வேறு அளவு சொல்லக்கூடும். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டிவிட்டு வைத்தியரை ஏமாற்றுகிறவர்கள் இந்தப் பரிசோதனையை ஏமாற்ற முடியாது. ஏமாற்றினாலும் நஷ்டம் வைத்தியருக்கல்ல.

இப்போது நமது சொந்தக் குற்றத்தையும் சொல்லிவிடுகின்றோம். ஆறு வருஷத்துக்கு முன் நமக்கு வெறும் வயிற்றில் 212 இருந்தது. வைத்தியர் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் ஒழுங்காய்ச் சாப்பிட்டோம். பிறகு ஒரு சிநேகிதர் ஒரு வேர்ப்பொடியைக் கொண்டுவந்து, "ஒரு மண்டலம் சாப்பிடுங்கள், சர்க்கரை வேரோடு போய்விடும், பத்துப் பேருக்குக் குணமாயிருக்கின்றது" என்றார். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைத் தின்றோம். ஒரு மண்டலம் எட்டு மாதமாயிற்று. உடம்பு இளைத்தது. "பார்த்தீர்களா, ஊளைச்சதை கரைகின்றது" என்றார் சிநேகிதர். நமக்கும் சந்தோஷமாகவே இருந்தது. ஒருநாள் மேடையில் குறிப்பைப் படிக்கும்போது எழுத்து மங்கிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஹெச்பிஏ1சி 11.8! உடம்பு இளைத்தது பொடியின் மகிமையால் அல்ல. தின்ற ஆகாரம் உடம்பில் ஒட்டாமல் சர்க்கரையாய்ச் சிறுநீரில் போனதால். கண்ணின் உள்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. லேசர் வைத்தியம் செய்து மிச்சப் பார்வையைக் காப்பாற்றிக்கொண்டோம்.

அன்று அந்த வைத்தியர் நம்மைத் திட்டவில்லை. "இந்த எட்டு மாதத்தில் எத்தனை தடவை அளந்து பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒரு தடவைகூட இல்லை. தோழர்களே! "மண்டலம் என்றால் ஏன் 48 நாள், 47 நாள் ஆனால் என்ன?" என்று கோயில் வாசலில் நின்று கேட்ட நாம், அதே 48 நாள் கணக்கைப் பொடி டப்பாவில் படித்தபோது வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டோம். சாமியை விட்டுவிட்டோம் என்ற கர்வம் இருந்தது. நம்புகிற வழக்கத்தை விடவில்லை. இதைச் சொல்ல வெட்கமாயிருக்கின்றது. ஆனாலும் உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த மாதிரி டப்பா இருக்கின்றதோ என்பதற்காகச் சொல்லுகின்றோம்.

"வேர் எல்லாம் பொய், ஆங்கில மருந்து எல்லாம் மெய்" என்று நாம் சொல்ல வரவில்லை. வேரானாலும் மாத்திரையானாலும் அளந்து பார்த்துச் சொல்லு என்பதுதான் நமது வாதம். அளந்து பார்ப்பது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 306 சர்க்கரை வியாதிக்காரர்களை இரண்டு கூட்டமாய்ப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான வைத்தியம். மற்றொரு கூட்டத்துக்கு மருந்தை நிறுத்திவிட்டு, வைத்தியர் மேற்பார்வையில் மிகக் குறைந்த ஆகாரம் கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். எடை குறைத்த கூட்டத்தில் 100-க்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை வியாதி அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. மற்ற கூட்டத்தில் 100-க்கு 4 பேருக்குத்தான். வியாதி வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களை மட்டுமே சேர்த்தோம் என்பதையும் மறைக்கவில்லை. மீதி 54 பேருக்குப் பலிக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. நமது பொடிக்காரர் பத்துப் பேருக்குக் குணமாயிற்று என்றார். எத்தனை பேர் தின்றதில் பத்துப் பேர்? மீதிப் பேர் எங்கே? அந்தப் பத்துப் பேரும் மாத்திரையை நிறுத்தினார்களா, அளந்தார்களா? இந்த மூன்று கேள்வியைக் கேட்டிருந்தால் நமது கண் தப்பியிருக்கும்.

இன்சுலின் வந்த கதையும் இப்படித்தான். கனடா தேசத்து டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்பவர்கள் 1921-இல் ஆராய்ந்து எடுத்த சாரத்தை, 1922 ஜனவரி 11-ஆந் தேதி லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் தடவை ஊசியாய்ப் போட்டார்கள். அவனுக்கு வந்தது இன்சுலினே சுரக்காத முதல் வகை வியாதி; அக்காலத்தில் சாவு நிச்சயம். முதல் ஊசி சரியாய்ப் பலிக்கவில்லை. "பையனுடைய விதி" என்று சொல்லிவிட்டு அவர்கள் உட்காரவில்லை. காலிப் என்ற இன்னொரு அறிஞர் அந்தச் சாரத்தைச் சுத்தம் செய்து கொடுக்க, 12 நாள் கழித்து மறுபடியும் போட்டார்கள். சர்க்கரை இறங்கிற்று. பையன் மேலும் 13 வருஷம் உயிரோடிருந்தான். தப்பை ஒப்புக்கொண்டவர்களால்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது.

இனி பக்தியின் பேரால் நடக்கும் கேட்டைப் பார்ப்போம். "பிரசாதம்தானே, ஒன்றும் செய்யாது" என்று சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் தின்கின்றார்கள். சாமிக்குப் படைத்துவிட்டால் வெல்லம் வெல்லமில்லாமல் போய்விடுமா? வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், வெல்லமும் கருப்பட்டியும் தேனும் நல்லவை என்பதும் இதே மாதிரி பக்திதான். ரத்தத்துக்குள் போனபின் எல்லாம் சர்க்கரையே.

விரதம் இருப்பதைப் பாருங்கள். நமது பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாள் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு ஏகாதசிக்குப் பட்டினி இருந்தார். மத்தியானம் உடம்பு வேர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினார். "சாமி வந்துவிட்டது" என்று கற்பூரம் கொளுத்தி, விபூதி பூசி, குறி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்! பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன், "பாட்டிக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது" என்று கத்தி, சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் செய்தான். கால் மணியில் சாமி மலையேறிவிட்டது. 70-க்குக் கீழே இறங்குவது இந்த ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கணையத்தை விரட்டிச் சுரக்கச் செய்யும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எந்த மதத்து விரதமானாலும், நோன்பானாலும் இந்த நியாயம் ஒன்றுதான்.

அப்புறம் தீமிதியும் பாதயாத்திரையும். வெகுநாள் சர்க்கரையால் பாதத்து நரம்பு மரத்துப்போயிருக்கும். முள் குத்தினாலும் தெரியாது. நெருப்புச் சுட்டாலும் தெரியாது. "சுடவே இல்லை, அம்மன் காப்பாற்றினாள்" என்பார்கள். சுடாதது நரம்பு செத்ததன் அடையாளம். பத்து நாள் கழித்துப் புண் அழுகி விரலை எடுக்கும்போது அம்மனை யாரும் கேட்பதில்லை. "கிரகம் சரியில்லை" என்று ஜோசியரிடம் போகின்றார்கள். நமது வேண்டுகோள் எல்லாம், தினம் ராத்திரி படுக்குமுன் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள் என்பதே. வெறுங்காலோடு நடக்காதீர்கள். சாமி கும்பிடும் அன்பர்களுக்கும் இதைச் சொல்லுகின்றோம். அவர்களுக்கும் கால் இரண்டுதான்.

செய்ய வேண்டியது என்னவென்றால், இலையில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஏதாவது, மீதிக் கால் பங்குதான் சோறு. காயையும் பருப்பையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சர்க்கரை மெதுவாய் ஏறும். கேழ்வரகு நல்லது என்று நாம் ஒரு பெரிய சொம்பு கூழ் குடித்துவந்தோம். ஒருநாள் அளந்தோம், குடிக்குமுன் 128, இரண்டு மணி நேரம் கழித்து 231. அதே வேளைக்குக் கொஞ்சம் சோறும், நிறையக் கீரையும், சுண்டலும் தின்றபோது 164. இது நமது கணக்கு. உங்கள் உடம்பின் கணக்கு வேறாயிருக்கலாம். விரலில் ஒரு சொட்டு எடுத்து அளக்கும் கருவியைக் கொண்டு, நீங்கள் வழக்கமாய்த் தின்னும் நாலைந்து ஆகாரத்தை இப்படி முன்னும் பின்னும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவிட்டால், உங்கள் ஆகார சாத்திரத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம். தின்று இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே இருப்பது அநேகருக்கு ஏற்ற அளவு.

வாரத்தில் 150 நிமிஷமாவது வேகமாய் நடக்க வேண்டும். சாப்பிட்டபின் பத்து நிமிஷம் நடப்பதும் நல்ல பலன் தரும். மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது. பீடி, சிகரெட்டை விட்டுவிட வேண்டும். வருஷம் ஒரு முறை கண்ணின் உள்திரையையும், சிறுநீரில் புரதம் போகின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 1977-இல் ஆரம்பித்து 5,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 1998-இல் வெளியான ஆராய்ச்சியில், சர்க்கரையை நன்றாய் அடக்கியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் சிறு ரத்தக் குழாய்க் கேடு கால் பங்கு குறைந்தது.

தாய்மார்களே! உங்களிடம் தனியாய் ஒரு வார்த்தை. புருஷனுக்குச் சர்க்கரை என்றால் வீட்டில் காய் பொரியல் இரண்டாகின்றது. பெண்சாதிக்குச் சர்க்கரை என்றால் யாருக்கும் ஞாபகமே இருப்பதில்லை. எல்லோரும் தின்றபின் கடைசியில் மிஞ்சுவது என்ன? காயும் பருப்பும் தீர்ந்துபோய்ச் சோறும் ரசமும்தான். அதுதான் உங்கள் ஆகாரம். கடைசியில் சாப்பிடுவது பதிவிரதா தர்மம் என்று எவனோ எழுதிவைத்த தர்மம் இன்று உங்கள் ரத்தத்தில் சர்க்கரையாய் நிற்கின்றது. எல்லோரோடும் உட்கார்ந்து, எல்லோருக்கும் உள்ள காயைத் தின்னுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பின் போய்விட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் வரும் சந்தர்ப்பம் அதிகம். அவர்கள் அளந்து பார்ப்பதை விடக்கூடாது. பெண்ணுக்குச் சர்க்கரை என்றால் கலியாணம் ஆகாது என்று மறைத்து, மாப்பிள்ளை வீட்டில் மாத்திரை சாப்பிட முடியாமல் அவள் சாவதைக் காட்டிலும் கலியாணம் ஆகாவிட்டால் என்ன முழுகிவிடும்?

"இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நமது தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை பார்க்கவும் மாத்திரை வாங்கவும் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் ஆரம்பிக்கப்பட்டு, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இது யாரும் போடும் பிச்சையல்ல; உங்கள் வரிப்பணம். மாத்திரை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நிமிர்ந்து கேளுங்கள். வேண்டுதலுக்கு உண்டியலில் போடும் பணத்தில் ஒரு பங்கு இருந்தால் மற்றப் பரிசோதனைகளையும் முடித்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. நாம் இவ்வளவு நேரம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். நம்பினீர்களானால், பொடிக்காரரை நம்பின நமக்கும் உங்களுக்கும் வித்தியாசமில்லை. நாளைக்குக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் சுகாதார நிலையத்துக்குப் போய், 30 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், ஆண் பெண் அடங்கலும், அளந்து பாருங்கள். வந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது "எனக்கு இவ்வளவு" என்று வெட்கமில்லாமல் சொல்லுங்கள்; நாமும் நமது எண்ணைச் சொல்லுகின்றோம். வியாதி வந்ததில் மானக்கேடு ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ளச் சௌகரியம் இருந்தும் தெரியாமல் இருப்பதுதான் மானக்கேடு.

கூட்டம் முடிந்தபின் காப்பி கொடுக்கப்போவதாகத் தலைவர் அவர்கள் சொன்னார்கள். சர்க்கரையைத் தனியாய் வைக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.